கயிறு விழுந்த பக்கம்

கதைப் புத்தகம் வாசிச்சுக் கெட்டுப்போன பெட்டை ஒருத்தியைக் காட்டுங்கோ எண்டு எங்கடை ஊரிலை ஆரும் கேட்டிருந்தால், யோசிக்காமல் எங்கடை வாசல் படலையைத்தான் காட்டியிருப்பினம். சுன்னாகத்திலையிருந்து ஒரு மைல் தூரம். செம்மண், வெங்காயத் தோட்டம், விடிஞ்சால் தண்ணி இறைக்கிற மிசின் சத்தம். அதுக்கை குந்தியிருந்துகொண்டு நான் ஆயிரம் வரியத்துக்கு முந்தின அரண்மனையிலை குடியிருந்தனான். என்ரை கையாலை எத்தினை தரம் சோறு கருகினது, அம்மா அகப்பைக் காம்பாலை எத்தினை தரம் போட்டா எண்டு சொல்ல ஏலாது. நான் திருந்தேல்லை.

அது மூண்டு பாகக் கதை. பேர் சொல்லமாட்டன். வாசிச்ச ஆக்கள் இப்பவும் உயிரோடை இருக்கினம், சண்டைக்கு வருவினம். ஒரு துறைமுக நாட்டு இளவரசி. அவளை மனசுக்குள்ளை வைச்சுக்கொண்டு வாய் திறக்காமல் கப்பல் ஏறுற ஒரு படைத்தலைவன். இடையிலை சதி, ஒற்றர், சுரங்கப் பாதை, நஞ்சு வைச்ச மோதிரம் எல்லாம் வரும். எங்களுக்கு அதெல்லாம் ஊறுகாய். சோறு எண்டது அந்த மனிசன் எப்ப வாய் திறப்பான் எண்டதுதான்.

‘எங்களுக்கு’ எண்டு சொன்னது எனக்கும் என்ரை மச்சாளுக்கும். எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்திலை கொழும்பிலை வீடு எரிஞ்சு, மாமா மகளையும் கூட்டிக்கொண்டு கப்பலிலை வந்து இறங்கினார். மாமா எண்டால் அம்மாவின்ரை தம்பி. மாமி அதுக்கு முந்தியே செத்துப்போட்டா. எங்கடை வளவுக்குப் பின்வீட்டிலை அவையைக் குடிவைச்சம். மச்சாளுக்கும் எனக்கும் ஒரே வயசு, பதினேழு. வந்து ஒரு கிழமை அவள் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. எட்டாம் நாள் வேலியிலை இருந்த ஓட்டை, அந்தப் பொட்டுக்குள்ளாலை தலையை நீட்டி, இந்தக் கதையின்ரை இரண்டாம் பாகம் உங்கை ஆரிட்டையும் இருக்கோ எண்டு என்னைக் கேட்டாள். முதலாம் பாகம் அவளின்ரை கையிலை இருந்தது. எரியிற வீட்டுக்குள்ளாலை ஓடிவரேக்கை அதை எடுத்துக்கொண்டு வந்தவளாம். என்ரை அம்மாளாச்சி, என்னிலும் பெரிய விசரி ஒருத்தி உலகத்திலை இருக்கிறாள் எண்டு எனக்கு அண்டைக்கு அவ்வளவு சந்தோசம்.

இரண்டாம் பாகத்தை வாசிகசாலையிலை எடுத்து, ஆளுக்கொரு அத்தியாயம் சத்தமாய் வாசிச்சு முடிச்சம். மூண்டாம் பாகம் கனகாலம் வரேல்லை. எண்பத்தெட்டு முடியிற நேரம் ஒரு இந்தியச் சஞ்சிகையிலை கிழமைக்குக் கிழமை வரத் தொடங்கினது. அது ரெயிலேறி சுன்னாகத்துக்கு வந்துசேர மூண்டு நாலு கிழமை பிந்தும். பிந்தினால் என்ன, அரசர் காலத்துக் கதைதானே எண்டு அண்ணை பகிடி விடுவான்.

அண்ணை எங்களிலும் நாலு வயசு மூப்பு. சுன்னாகச் சந்திக்குக் கிட்ட ஒரு ரேடியோ திருத்திற கடையிலை வேலை. சஞ்சிகையைக் கடையிலை வேண்டிக்கொண்டு வாறது அவன்தான். உதெல்லாம் பொம்பிளையள் வாசிக்கிற கதை எண்டு நக்கல் அடிப்பான். ஆனால் அவன் கொண்டுவாற புத்தகத்திலை ஈயம் உருக்கின மணம் அடிக்கும், ஓரத்திலை கறுத்த விரல் அடையாளம் இருக்கும். ஆர் முதல் வாசிச்சது எண்டு விளங்கும்தானே. சைக்கிளை மதிலோடை சாத்தமுந்தியே, இந்தக் கிழமை இளவரசி பாம்பு கடிச்சுச் செத்துப்போனாள் எண்டு பெரிசாய்ச் சொல்லுவான். மச்சாள் வேலிக்கு அங்காலை நிண்டு திடுக்கிட்டுப்போவாள். பிறகு புத்தகத்தைப் பறிச்சு வாசிச்சுப்போட்டு ஒரு கிழமைக்கு அவனோடை கதைக்கமாட்டாள். அடுத்த கிழமையும் நம்புவாள்.

வாசிச்சு முடிய அந்தப் பக்கங்களைக் கழட்டிச் சேர்க்கிறது என்ரை வேலை. அதுக்கெண்டு ஒரு முறை இருக்கு. கம்பியை மெதுவாய் நிமித்தி, கிழியாமல் தாளை உருவி, சாக்குத் தைக்கிற ஊசியாலை தைக்கோணும். பசை காய்ச்சேக்கை கோதுமை மாவுக்கை கொஞ்சம் மயில்துத்தம் போடாட்டில் கரப்பான் தின்னும். எங்கடை பக்கங்களின்ரை மற்றப் பக்கத்திலை சமையல் குறிப்பு பாதியிலை நிக்கும். அதாலை எனக்கும் மச்சாளுக்கும் கனக்கப் பலகாரம் அரைவாசி செய்யத் தெரியும்.

இப்ப கயிறு சங்கதியைச் சொல்லோணும். சைவ வீடுகளிலை ஒரு வழக்கம் இருக்கு. ஒரு முடிவு எடுக்க ஏலாமல் தடுமாறினால், குளிச்சுத் துவைச்சு, சாமியறையிலை பதிகப் புத்தகத்தை வைச்சு, கண்ணை மூடிக்கொண்டு தாள்களுக்கிடையிலை ஒரு கயிறு விடுவினம். கயிறு விழுந்த பக்கத்திலை என்ன பாட்டு இருக்கோ அதுதான் கடவுள் சொல்லுற மறுமொழி. அம்மா மாடு வேண்டுறதெண்டாலும் கயிறு சாத்திப் பாக்கிற ஆள். நாங்கள் ரெண்டு பேரும் அதை எங்கடை கதைப் புத்தகத்திலை செய்யத் தொடங்கினம். பகிடிக்குத்தான். பூக்கட்டுற நூலை எடுத்து, கண்ணை மூடி, எனக்குச் சோதினை பாசாகுமோ எண்டு கேட்டு விட்டால், ‘படைகள் நாற்புறமும் சிதறி ஓடின’ எண்டு வந்தது. நான் கணக்கிலை போனது போனதுதான். பகிடி எண்டு தொடங்கினது, போகப் போக ஒரு சட்டை தைக்கிறதெண்டாலும் கயிறு போட்டுப் பாக்கிற அளவுக்கு வந்திட்டுது. அம்மா ஒருநாள் கண்டுபோட்டு, சாமியோடை விளையாடாதேங்கோடி எண்டு ஏசினா. சாமியோடை நாங்கள் விளையாடேல்லை, இது படைத்தலைவனோடை எண்டு நான் வாய் காட்டி ரெண்டு அடி வேண்டினன்.

அண்ணைக்கும் மச்சாளுக்கும் பேசி முடிச்சது எண்பத்தொன்பதிலை. முறை மச்சாள், பின்வீடு, ஆர் என்னத்தைச் சொல்லுறது. அண்ணை வெளிநாடு போய்க் கால் ஊண்டினாப்போலை கலியாண எழுத்தை வைப்பம் எண்டு மாமா சொன்னார். அந்த அலுவலாய்த்தான் தொண்ணூறு வைகாசிக் கடைசியிலை அண்ணை கொழும்புக்குப் போனவன். போகேக்கை அந்தக் கிழமைப் புத்தகத்தை என்னட்டைத் தந்துபோட்டு, இளவரசிக்கு இந்தமுறை சத்தியமாய் ஒண்டும் நடக்கேல்லை எண்டு மச்சாளுக்குச் சொல்லு எண்டான். அவன் சொன்னது உண்மை. நடந்தது படைத்தலைவனுக்கு. நடுக்கடலிலை அவன்ரை கப்பல் எரியுது, பாய்மரம் முறியுது, அவனைக் காணேல்லை. தொடரும்.

ஆனியிலை சண்டை தொடங்கினது. ரெயில் நிண்டுது, கரண்ட் நிண்டுது, தபால் நிண்டுது. சஞ்சிகை எங்கை வரப்போகுது. அண்ணை கொழும்பிலையிருந்து வெளிக்கிட்டிட்டான் எண்டு ஒரு செய்தி வந்தது. வவுனியாவிலை கண்டதெண்டு ஒரு லொறிக்காரர் சொன்னார். அதுக்கு இங்காலை அவனைக் கண்ட ஒரு மனிசரும் இல்லை. அம்மா போகாத இடமில்லை, குடுக்காத மனு இல்லை. பிள்ளை எங்கை எண்டு கேட்டால், விசாரிக்கிறம் எண்டு சொல்லுற ஆக்கள்தான் எல்லா இடத்திலையும் இருந்தினம். அதுக்குப் பிறகு அம்மா கயிறு சாத்திப் பாக்கிறதை விட்டிட்டா. ஏனெண்டு நான் கேக்கேல்லை.

மச்சாள் அழேல்லை. கதையின்ரை முடிவைத் தேடத் தொடங்கினாள். ஆரும் சிரிச்சால் சிரியுங்கோ. எங்களுக்கு அண்ணையைத் தேட வழியில்லை, கதையைத் தேட வழி இருந்தது. எங்கையோ ஒரு வீட்டிலை, கடைசியாய் வந்த ரெயிலிலை இறங்கின ஒண்டு ரெண்டு புத்தகம் இருக்கும் எண்டு அவள் நம்பினாள். அச்சுவேலியிலை ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருத்தர் எல்லாச் சஞ்சிகையும் சேர்த்து வைச்சிருக்கிறாராம் எண்டு கேள்விப்பட்டு, ரெண்டு பேரும் ஒரு சைக்கிளிலை, மாறி மாறி மிதிச்சுக்கொண்டு போனம். மனிசன் எங்களைக் கதிரையிலை இருத்தி, தேசிக்காய்த் தண்ணி தந்து, அலுமாரியைத் திறந்து காட்டினார். எங்களிட்டை இருந்த அதே கிழமையோடை அவரிட்டையும் நிக்குது. வெளிக்கிடேக்கை படலை வரைக்கும் வந்து, எங்கையாவது கிடைச்சால் எனக்கும் ஒருக்கால் அறிவியுங்கோ பிள்ளையள், கப்பலுக்கு என்ன நடந்ததெண்டு தெரியாமல் நான் சாகப்படாது எண்டார்.

அதுக்குப் பிறகு அவள் மெலிஞ்சுகொண்டு வந்தாள். கூப்பிட்டால் வருவாள், தின்னச் சொன்னால் தின்னுவாள், ஆனால் ஆள் அங்கை இல்லை. தொண்ணூற்றியொண்டு கடைசியிலை, கொடிகாமத்திலை எங்கடை தூரத்துச் சொந்தத்திலை ஒரு செத்தவீடு. நான் போய் எட்டாம் நாள் செலவு முடியும்வரைக்கும் நிண்டனான். பகலிலை வேலையில்லாமல் இருக்கேக்கை, அந்த வீட்டிலை கிடந்த பழைய சோதினை வினாத்தாள்களின்ரை பின்பக்கத்திலை எழுதத் தொடங்கினன். அப்ப வெள்ளைத் தாள் எண்டது கண்ணாலை காணக்கிடையாத சாமான். நாலு நாள், நாலு அத்தியாயம். எட்டு வரியமாய்ப் படிச்ச நடைதானே, கை தானாய் ஓடினது. படைத்தலைவன் முறிஞ்ச பாய்மரத்தைப் பிடிச்சுக்கொண்டு ஒரு தீவிலை ஒதுங்குறான். இளவரசிக்கு வேறை நாட்டு அரசன் பெண் கேட்டு வாறான். அவள் மாட்டன் எண்டு துறையிலை போய் நிக்கிறாள். ஏழாம் வரியம் படைத்தலைவன் வாறான், முதல் முறையாய் வாய் திறக்கிறான். அந்த இடத்தை எழுதேக்கை எனக்கே கண்ணீர் வந்திட்டுது. அவன் வாய் திறந்து சொன்னதெல்லாம் அண்ணை சொல்லுறமாதிரி எனக்குக் கேட்டது.

வந்து மச்சாளிட்டைச் சொன்னன், கொடிகாமத்திலை ஒரு வீட்டிலை கடைசி நாலு புத்தகமும் இருந்தது, தரமாட்டன் எண்டிட்டினம், இருந்து பாத்து எழுதிக்கொண்டு வந்தனான் எண்டு. அவள் என்ரை கையைப் பிடிச்சு, பேனை பிடிச்ச விரலைத் தடவிப் பாத்தாள். வேலிக்கரையிலை நிண்டபடியே நாலு அத்தியாயத்தையும் வாசிச்சாள். வாசிச்சுப்போட்டு, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாள். அண்டைக்கு இரவு ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவளாம், மாமா வந்து அம்மாட்டைச் சொல்லிச் சந்தோசப்பட்டார். நான் என்ன பாவத்தைச் செய்தன் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. பசிச்சவளுக்குச் சோறு போட்டனான் எண்டு நினைச்சன்.

அந்த வினாத்தாள்களை மற்றப் பக்கங்களோடை சேர்த்து நான்தான் தைச்சன். தாள் தடிப்பு, நீளமும் கொஞ்சம் கூட. அதாலை புத்தகத்தை மூடினால் அந்த இடம் ஒரு விரல் அளவு வாய் பிளந்துகொண்டு நிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கயிறு விட்டால் அது வழுக்கிக்கொண்டு போய் அங்கைதான் விழும். மச்சாள் அதைக் கவனிக்கேல்லை. நான் முதல் நாளே கவனிச்சனான்.

தொண்ணூற்றிமூண்டிலை மச்சாளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கனடா. நல்ல குடும்பம், பெடியன் குடி வெறி இல்லை, படத்திலை பாத்தால் வடிவான முகம். பெட்டையைக் கிளாலிக் கடலாலை வள்ளத்திலை ஏத்திக் கொழும்புக்குக் கொண்டுவந்து விட்டால் காணும், மிச்சத்தைத் தாங்கள் பாக்கிறம் எண்டினம். மாமா அம்மாட்டை வந்து, தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னார். அக்கா, மூண்டு வரியம் பொறுத்தன், எனக்கும் நெஞ்சுக்குள்ளை நோகுது, என்ரை கண் இருக்கேக்கை பிள்ளையை ஒரு கரை சேர்க்கோணும் எண்டார். அம்மா ஓம் எண்டு தலையை ஆட்டினா. எனக்கு ரெண்டு பேரிலையும் அப்பிடி ஒரு கோவம் வந்தது. அவள் வேறை ஒருத்தனைக் கட்டினால், என்ரை அண்ணை செத்துப்போனான் எண்டு எல்லாரும் கூடிக் கையெழுத்து வைச்ச மாதிரி. அது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சது.

மச்சாள் மாமாவுக்கு ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் காலமை தோய்ஞ்சு தலையிலை ஈரத்தோடை எங்கடை வீட்டை வந்தாள். கையிலை புத்தகம், பூக்கட்டுற நூல். முகத்தைப் பாத்தால் பகிடி இல்லை. சாமியறை வாசலிலை இருந்து, என்னைப் பக்கத்திலை இருத்தி, கண்ணை மூடினாள். நான் அந்த வாய் பிளந்த இடத்தையே பாத்துக்கொண்டிருந்தன். நூல் தாளின்ரை விளிம்பிலை தட்டி, வழுக்கி, அங்கைதான் போனது. அவள் கண்ணைத் திறந்து, பிரிச்சு, என்ரை முகத்தைப் பாத்தாள். சொல்ல எனக்கு நேரம் இருந்தது. எடியே, இது நான் எழுதினதடி, கயிறு இதிலைதான் எப்பவும் விழும், போய்க் கலியாணத்தைக் கட்டு எண்டு சொல்ல எவ்வளவு நேரம் வேணும்.

“வாசி” எண்டன்.

அவள் வாசிச்சாள். ‘ஏழாண்டுகள் கழிந்தாலும் எழுபதாண்டுகள் கழிந்தாலும் இத்துறையை விட்டு நான் அகலேன். என் கண்கள் திறந்திருக்கும்வரை இக்கடலுக்கும் உறக்கமில்லை என்றாள் இளவரசி.’ வாசிச்சு முடியப் புத்தகத்தை மூடி, கண்ணிலை ஒற்றி, வேலிப் பொட்டுக்குள்ளாலை போனாள். மாமா எவ்வளவு கெஞ்சியும் மனம் மாறேல்லை. கடைசியிலை அவர் என்னட்டை வந்து, நீ சொன்னால் அவள் கேப்பாள் பிள்ளை, ஒருக்கால் எடுத்துச் சொல்லு எண்டார். ஓம் மாமா, சொல்லுறன் எண்டன். சொல்லேல்லை. அந்தப் பெடியன் வேறை ஆரையோ கட்டிக்கொண்டு போட்டான்.

இப்ப நினைச்சால் அந்த ரெண்டு வரியமும் நான் சந்தோசமாய் இருந்தனான் எண்டதுதான் எனக்கு வெக்கம். மச்சாள் பக்கத்து வளவிலை இருந்தாள், அண்ணை எங்கையோ உயிரோடை இருந்தான், எல்லாம் அதது இருக்கிற இடத்திலை இருந்தது. சனம் கதைச்சது. இருபத்தொன்பது வயசு, இன்னும் பிள்ளை மாதிரிக் கதைப் புத்தகத்தோடை திரியிறாள் எண்டு. நான் அந்தச் சனத்தோடை சண்டை பிடிச்சன். அவளுக்காக எண்டு எல்லாரும் நினைச்சினம்.

தொண்ணூற்றியைந்து ஐப்பசிக் கடைசியிலை, ஆமி கிட்ட வருதெண்டு எங்கடை வலிகாமப் பகுதி முழுக்க ஒரே நாளிலை வெளிக்கிட்டுது. உங்களுக்குத் தெரியும், நான் அதை விரிச்சுச் சொல்லத் தேவையில்லை. மழை. றோட்டு நிறையச் சனம், ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். அம்மாவும் நானும், மாமாவும் மச்சாளும் ஒரு சைக்கிளிலை மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு நடந்தம். கொடிகாமத்திலை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையிலை ஏழு குடும்பத்தோடை இடம் கிடைச்சது. மச்சாள் முதல் வேலையாய்த் தன்ரை பையைத் திறந்தாள். உடுப்புக்கு நடுவிலை சுத்தி வைச்சும் புத்தகம் நனைஞ்சுபோச்சு. அச்சடிச்ச பக்கங்கள் ஊதிப் பெருத்தும் எழுத்து அப்பிடியே இருந்தது. நான் மையாலை எழுதின நாலு அத்தியாயமும் நீலத் தண்ணியாய் ஓடி, பின்பக்கத்து வினாக்கள்தான் தெரிஞ்சுது.

பரவாயில்லை எண்டாள். கொடிகாமத்துக்குத்தானே வந்திருக்கிறம், அந்த வீட்டைக் காட்டு, இந்தமுறை நான் இருந்து எழுதுறன் எண்டாள். எனக்கு மனப்பாடம், நானே திருப்பி எழுதித் தாறன் எண்டன். இல்லை, ஒரு எழுத்துப் பிசகாமல் வேணும் எண்டாள். பிறகு, அந்த ஆக்கள் இடம்மாறிப் போட்டினம் போலை எண்டன். அப்ப எந்தப் பக்கம் எண்டாவது சொல்லு எண்டாள். நான் சந்தைக்குப் பின்னாலை எங்கையோ எண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னன்.

அவள் தேடத் தொடங்கினாள். அரிசிக்கும் தண்ணிக்கும் சனம் வரிசையிலை நிக்குது, பிள்ளையளைத் துலைச்ச தாய்மார் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரியினம், என்ரை மச்சாள் சந்தைக்குப் பின்னாலை படலை படலையாய்ப் போய், உங்கை பழைய சஞ்சிகை சேர்த்து வைச்சிருந்த வீடு எது எண்டு கேட்டுக்கொண்டு நிண்டாள். மூண்டாம் நாள் தண்ணிக்குப் போன வழியிலை நான் கண்டன். ஒரு வீட்டுக்காரி அவளை மேலும் கீழும் பாத்து, தலையிலை விரலைச் சுத்திப் பக்கத்து மனிசிக்குக் காட்டினாள். மச்சாள் அதைக் கண்டும் காணாதமாதிரி அடுத்த படலைக்குப் போனாள். தண்ணி வாளியை அப்பிடியே வைச்சிட்டு ஓடிப்போய் அவளைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தன். ரெயில் ஓடின பாதை, தண்டவாளம் இல்லை, கல்லு மட்டும் கிடந்தது. அதிலை இருத்தினன்.

“அப்பிடி ஒரு வீடு இல்லை” எண்டன்.

“எங்கை போட்டினம்?”

“ஒருநாளும் இருந்ததில்லை. அந்த நாலு அத்தியாயமும் நான் எழுதினது.”

முதல் சிரிக்கப் போனாள், பிறகு சிரிப்பு நிண்டுது.

“அவர் திரும்பி வாறதும்?”

“அதுவும்.”

“அண்டைக்குக் கயிறு விழுந்தது உன்ரை எழுத்திலை.”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டுதானே வாசி எண்டனீ?”

அடிப்பாள் எண்டு நினைச்சன், அடிச்சிருந்தால் எனக்கு நிம்மதியாய் இருந்திருக்கும்.

“உனக்கு உன்ரை அண்ணை சாகக்கூடாது” எண்டாள். “அதுக்கு என்னை வாசல்லை காவல் வைச்சனீ.”

எழும்பி, சீலையிலை ஒட்டின மண்ணைத் தட்டிப்போட்டு, நான் வைச்ச வாளியையும் தூக்கிக்கொண்டு முன்னாலை நடந்தாள். நான் பின்னாலை போனன். வகுப்பறைக்குள்ளை அம்மா சுவரோடை சாஞ்சு இருந்தா. மச்சாள் வாளியை வைச்சிட்டு, அம்மாவுக்கு முன்னாலை இருந்து, அம்மாவின்ரை ரெண்டு கையையும் பிடிச்சாள்.

“மாமி, அவருக்கு அந்தியேட்டி செய்யுங்கோ” எண்டாள்.

செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யிற கிரியை அது. அஞ்சு வரியமாய் எங்கடை வீட்டிலை ஒருத்தரும் வாயிலை எடுக்காத சொல்லு. அம்மா குளறுவா, நெஞ்சிலை அடிப்பா, இவளைத் திட்டுவா எண்டு நான் காத்துக்கொண்டு நிண்டன். அம்மா மச்சாளின்ரை தலையை இழுத்துத் தன்ரை மடியிலை வைச்சா.

“எனக்கு எப்பவோ தெரியும் பிள்ளை” எண்டா. “நீ நம்பிக்கொண்டிருக்கிறாய், உன்ரை மனசை நான் எப்பிடி முறிக்கிறது எண்டுதான் செய்யாமல் விட்டனான்.”

அம்மா அவனுக்காகக் காத்திருக்கேல்லை. அஞ்சு வரியமாய்த் தன்ரை பிள்ளைக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணியும் விடாமல், மச்சாளுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறா. மச்சாள் நான் எழுதினதுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழவும் ஏலாமல் ரெண்டு பேரையும் நான் கட்டி வைச்சிருந்தனான்.

எங்கடை சனம் அந்தியேட்டி செய்யிற கீரிமலைக்குப் போக வழியில்லை. எங்களைப்போலை இடம்பெயந்து வந்த ஒரு குருக்கள், பக்கத்துக் கோயில் கேணியடியிலை செய்து தந்தார். மாமா முன்னுக்கு இருந்து கடன் கழிச்சார். படம் வைக்க எங்களிட்டை அண்ணையின்ரை படம் ஒண்டும் இல்லை, ஒரு செம்பை வைச்சம். குருக்கள் அண்ணையின்ரை பேரையும் நட்சத்திரத்தையும் கேக்க, மச்சாள்தான் எடுத்துச் சொன்னாள். அம்மா வாய்க்குள்ளை அழுதா. மச்சாள் அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு அழுதாள். எனக்கு எல்லாருக்கும் பிந்தித்தான் வந்தது. செம்புத் தண்ணியைக் கேணிக்குள்ளை ஊத்தேக்கை, அண்ணை, அண்ணை எண்டு கத்திக்கொண்டு படியிலை விழுந்திட்டன். அவை ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அணைச்சபடி படியேறிப் போச்சினம். திரும்பி என்னட்டை ஒருத்தரும் வரேல்லை.